நாற்பதைத் தாண்டியவர்களுக்கு: வருஷம் முழுக்கத் தாங்குற உடற்பயிற்சி வழக்கம் யாரிடமாவது இருக்கா? (ஜோபர்க், டர்பன், கேப்டவுன்)

மிட்ராண்ட்வாசி

வணக்கம். வயசு 47. மிட்ராண்டில் ஒரு கம்ப்ளெக்ஸில் குடியிருக்கோம். வாரத்தில் பாதி நாள் சாண்ட்டன் ஆபீஸ், மிச்சம் வீட்டிலிருந்தே வேலை. மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) வருஷாவருஷம் செய்யச் சொல்ற பரிசோதனைக்குப் போயிருந்தேன். எடை 84 கிலோ, இடுப்புச் சுற்றளவு 98 செ.மீ., ஹெச்.பி.ஏ.1.சி. (மூணு மாச ரத்தச் சர்க்கரைச் சராசரி) 6.1, சர்க்கரை நோயின் விளிம்பு. டாக்டர் மாத்திரை எழுதல. ஆறு மாசம் கழிச்சு வாங்க, அதுவரைக்கும் உடம்பை அசைங்கன்னு சொல்லி அனுப்பிட்டார்.

ஜிம் கார்டு இருக்கு. ஜனவரியில் போவேன், ஈஸ்டர் வரைக்கும் ஒழுங்கா ஓடும். குளிர் வந்ததும் நின்னுடும். ஜூன் மாசம் இங்க காலையில் ஏழு மணியை ஒட்டித்தான் வெளிச்சம் வருது. சாயங்காலம் அஞ்சரைக்கெல்லாம் இருட்டு. இருட்டில் ரோட்டில் நடக்குறதைப் பத்தி இந்த ஊர்க்காரங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதே ஜூனில்தான் எங்க கம்பெனியில் வருஷக் கணக்கு முடிப்பு. ராத்திரி பத்து வரைக்கும் லேப்டாப். அதுக்குப் பின்னாடியே ஸ்கூல் லீவு, ஊரிலிருந்து விருந்தாளி.

நல்லா போற வாரத்துக்கு எனக்கு யோசனை வேண்டாம். மோசமான வாரத்திலும் நிக்கிற மாதிரி ஒண்ணு சொல்லுங்க. "காலை நாலரைக்கு எழுந்திரு"ன்னு மட்டும் யாரும் எழுதாதீங்க, புண்ணியமா போகும்.

இரும்புக்கை (செஞ்சூரியன்)

ப்ரோ, நேரா சொல்றேன். வாரம் நாலு நாள் வெயிட், சோறு, ரொட்டி, பாப் (மக்காச்சோளக் களி) எல்லாம் கட். முட்டை, கறி, பில்டாங் (உப்புப் போட்டு உலர்த்தின கறி). மூணு மாசத்தில் 6.1 காணாமப் போகும். ஜிம்முக்கு இருட்டு ஒரு பிரச்சினையா? காரில் போய் பேஸ்மென்ட்டில் இறங்கினா லிஃப்ட். காரணம் தேடினா கிடைச்சுக்கிட்டேதான் இருக்கும். நாற்பது தாண்டினா மெட்டபாலிசம் படுத்துடும், அதனால சும்மா நடந்து ஒண்ணும் ஆகாது.

ஃபீனிக்ஸ்_பையன் (டர்பன்)

பையன்னு பேர் வெச்சுக்கிட்டாலும் எனக்கு 56 வயது. இங்கேயே பிறந்து வளர்ந்தவன். தமிழ் சனிக்கிழமைப் பள்ளியில் படித்தது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நண்பரே, பார்க்ரன் போயிருக்கிறீர்களா? வாரம் ஒருநாள், சனிக்கிழமை காலை, 5 கிலோமீட்டர். காசு கிடையாது. ஒருமுறை பதிவு செய்தால் ஒரு பார்கோடு தருவார்கள், அதை வைத்து எந்த ஊரிலும் போகலாம். ஓட வேண்டும் என்று கட்டாயமில்லை, பாதிப்பேர் நடக்கிறார்கள். கடைசி ஆளாக வந்துவிடுவோமோ என்ற கூச்சம் வேண்டாம். எல்லாருக்கும் பின்னால் வருவதற்கென்றே தொண்டர் ஒருவர் இருக்கிறார், கடைசி இடம் அவருக்குத்தான். 2004இல் லண்டன் புஷி பார்க்கில் 13 பேர் ஓடிய ஓட்டம் இது. நம் நாட்டுக்கு 2011 நவம்பரில் கொண்டுவந்தவர் புரூஸ் ஃபோர்டைஸ், காம்ரேட்ஸ் மாரத்தானை 9 முறை வென்ற மனிதர். முதலில் நடந்தது உங்கள் ஜோபர்க் டெல்டா பார்க்கில்தான்! எங்கள் நார்த் பீச்சில் சனிக்கிழமை காலை வந்து பாருங்கள். பாட்டிகள், தள்ளுவண்டியில் குழந்தைகள், காம்ரேட்ஸுக்குப் பழகுகிறவர்கள் என்று ஒரே திருவிழாக் கூட்டம்.

என் கருத்து, தனியாகச் செய்வது எதுவும் நிலைக்காது. யாராவது "போன வாரம் எங்கே போனாய்?" என்று கேட்க வேண்டும்.

ரோபோட்_சிவப்பு (டர்பன் துறைமுகம்)

வாரம் ஒரு நாள் 5 கிலோமீட்டர் நடந்துட்டு, திரும்பி வர்ற வழியில குவார்ட்டர் மட்டன் பனிசௌ (ரொட்டியைக் குடைஞ்சு கறிக்குழம்பு நிரப்பினது) சாப்பிடுற கோஷ்டி எனக்குத் தெரியும் அண்ணே. பேர் சொல்ல மாட்டேன்.

எனக்கும் 44 ஆச்சு. லாரி அனுப்புற வேலை, மாறி மாறி நைட் ஷிப்ட். என்3 (டர்பன்-ஜோபர்க் நெடுஞ்சாலை) மூடினா எங்களுக்கு விடிய விடிய சிவராத்திரி. இந்த மாதிரி இழையில எல்லாரும் "காலையில்", "சாயங்காலம்"னு எழுதுறீங்க. எனக்கு எது காலை, எது சாயங்காலம்னு மொதல்ல யாராச்சும் சொல்லுங்க.

பிசியோ_பிரிட்டோரியா

நான் பிசியோதெரபிஸ்ட். திருச்சியில் படிச்சேன், இங்க வந்து பல வருஷம் ஆச்சு. இந்தக் கேள்வி எங்கிட்ட வாரத்துக்கு ரெண்டு பேராவது கேட்பாங்க. அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

முதல்ல இரும்புக்கை சொன்ன மெட்டபாலிசம் விஷயம். 2021இல் சயன்ஸ் இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 29 நாடுகள், 6,400க்கும் மேற்பட்டவங்க, கைக்குழந்தையிலிருந்து 95 வயசு வரைக்கும். உடம்பின் அளவைக் கணக்கில் எடுத்துட்டுப் பார்த்தா 20 வயசிலிருந்து 60 வரைக்கும் ஆற்றல் செலவு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கு. 60க்கு அப்புறம்தான் மெல்ல இறங்குது. அதனால 47 வயசுத் தொப்பைக்கு மெட்டபாலிசம் மேல பழி போட வேண்டாம். நாற்காலி, ராத்திரிச் சாப்பாடு, தூக்கம், இதுங்களைப் பார்க்கலாம்.

ஆனா வெயிட் பத்தி அவர் சொன்னதில் பாதி சரி. 30 வயசுக்கு மேல தசை பத்து வருஷத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரைக்கும் குறையுது. வேலை கொடுக்காத உடம்பில் இது வேகமா நடக்கும். சாப்பிட்ட சர்க்கரை போய்ச் சேர்ற பெரிய இடமே தசைதான். தொடைத்தசை சுருங்கி வேலை செய்யும்போது இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காம அதுவே சர்க்கரையை இழுத்துக்கும். மிட்ராண்ட்வாசி சாரோட 6.1க்கு இது நேரடியா சம்பந்தப்பட்டது. நடை மட்டும்னு விட்டுட்டா பாதி மருந்து சாப்பிட்ட கணக்குதான்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் புதுப்பிச்ச வழிகாட்டுதல்: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான அசைவு, கூடவே ரெண்டு நாளாவது தசைக்கு வேலை. முன்னாடி "ஒரு தடவைக்கு 10 நிமிஷமாவது இருந்தாத்தான் கணக்கு"ன்னு ஒரு நிபந்தனை இருந்தது. அதை எடுத்துட்டாங்க. மூணு நிமிஷம் படி ஏறினாலும் கணக்குதான். கணக்கு முடிப்பு மாசத்தில் மாட்டிக்கிறவங்களுக்கு இதுதான் நல்ல சேதி.

இப்போ உங்க கேள்விக்கு வர்றேன். நான் எல்லாருக்கும் ரெண்டு வழக்கம் எழுதித் தருவேன். ஒண்ணு சாதாரண வாரத்துக்கு. இன்னொண்ணு எல்லாம் கவிழ்ந்து கிடக்கிற வாரத்துக்கு. ரெண்டாவதுதான் முக்கியம். அது வீட்டுக்குள்ள, செருப்பு கூடப் போடாம, பல் தேய்க்கிற அளவு நேரத்தில் முடியணும்.

கவிழ்ந்த வாரம்: நாற்காலியில் கையை ஊன்றாம உட்கார்ந்து எழுந்திருக்கிறது, பத்து தடவை. சமையல் மேடையில் கை வெச்சு சாய்ஞ்சு தண்டால், பத்து தடவை. சுவரைப் பிடிச்சுக்கிட்டுக் குதிகாலைத் தூக்கி இறக்கறது, பதினஞ்சு. ஒரு சுற்று நாலு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சுடும். ராத்திரி சாப்பிட்டதும் கம்ப்ளெக்ஸுக்குள்ளேயோ வீட்டுக்குள்ளேயோ பத்து நிமிஷம் நடை. அவ்வளவுதான். அந்த வாரத்தில் இதுக்கு மேல செய்ய ஆசை வந்தாலும் செய்யாதீங்க. நான் இதைச் சொன்னா நிறைய பேர் சிரிப்பாங்க.

சாதாரண வாரம்: அதே அசைவுகள், ரெண்டு நாள், மூணு சுற்று. பையில் புத்தகமோ ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டிலோ போட்டு நெஞ்சோடு அணைச்சுக்கிட்டு உட்கார்ந்து எழுந்திருங்க. ரப்பர் பட்டை ஒண்ணு வாங்கி கதவுக் கைப்பிடியில் மாட்டிப் பின்னால இழுங்க, லேப்டாப்காரங்க முதுகுக்கு அது அவசியம். 12 தடவை சுலபமா வந்துட்டா எடையைக் கூட்டணும். இந்த இடத்தில்தான் ஆட்கள் கோட்டை விடறாங்க. வருஷக்கணக்கா அதே ஒரு கிலோ டம்பெல்லை ஆட்டிக்கிட்டே இருப்பாங்க.

நடைக்கு வேகம் எவ்வளவுன்னா, பேச முடியணும், பாட முடியக் கூடாது.

இரும்புக்கை

சமையல் மேடையில் தண்டாலா? மன்னிக்கணும் மேடம், அது உடற்பயிற்சியில் சேராது.

பிசியோ_பிரிட்டோரியா

உங்களுக்குச் சேராது. 47 வயசில், வருஷத்தில் எட்டு மாசம் ஒண்ணுமே செய்யாதவருக்குச் சேரும். நீங்க வாரம் நாலு நாள் தூக்குறீங்க, சந்தோஷம், விட்டுடாதீங்க. அவர் கேட்ட கேள்வி வேற.

மிட்ராண்ட்வாசி

ரெண்டு வழக்கம்ங்கிற யோசனை எனக்குப் பிடிச்சிருக்கு. ஒரு சந்தேகம். எங்க மெடிக்கல் எய்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் புள்ளி கொடுக்குது. வாரத்துக்கு இத்தனை புள்ளி எடுத்தா ஒரு காபி. நாலு நிமிஷ நாற்காலிப் பயிற்சிக்கு அது முட்டைதான் போடும். அதோட, 10,000 அடி நடக்கணும்னு கடிகாரம் நச்சரிக்குது. அது அவசியமா?

ஃபீனிக்ஸ்_பையன்

10,000 என்பது மருத்துவர் யாரும் சொன்ன எண் இல்லை. 1965 வாக்கில் ஜப்பானில் விற்ற அடி எண்ணும் கருவியின் பெயரே "பத்தாயிரம் அடி மீட்டர்". விற்பனைக்காக வைத்த பெயர், உலகம் முழுவதும் விதியாகிவிட்டது. என் மகள் இதைச் சொன்ன பிறகு கடிகாரத்தின் அலறலை அணைத்துவிட்டேன்.

பிசியோ_பிரிட்டோரியா

அண்ணன் சொன்னது சரி. 2019இல் அமெரிக்காவில் சராசரி 72 வயசுப் பெண்கள் 16,000க்கும் மேற்பட்டவங்களை வெச்சு ஒரு ஆய்வு வந்தது. நாளுக்கு 2,700 அடி நடந்தவங்களை விட 4,400 நடந்தவங்க மத்தியில் இறப்பு கணிசமா குறைவு. 7,500 வரைக்கும் பலன் கூடிக்கிட்டே போய், அதுக்கு மேல சமதளம். அவங்க வயசு வேற, உங்க வயசு வேற, அதனால 7,500ஐ நீங்க விதியா எடுத்துக்காதீங்க. இப்போ ஆபீஸ் நாளில் எவ்வளவு நடக்கறீங்களோ அதுக்கு மேல ரெண்டாயிரம் கூட்டுங்க, போதும்.

புள்ளிக்கும் காபிக்கும் வர்றேன். ஓசி காபி கிடைச்சா வாங்கிக் குடிங்க, சர்க்கரை இல்லாம. ஆனா கடிகாரம் உங்க தொடையை அளக்காது.

இன்னொரு ஆய்வையும் சொல்லிடறேன், இது உங்களுக்காகவே செஞ்ச மாதிரி இருக்கும். அமெரிக்காவில் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 3,000க்கும் மேற்பட்டவங்க, சராசரி வயசு 51. உடல் எடையில் 7 சதவீதம் குறைக்கணும், வாரம் 150 நிமிஷம் நடக்கணும், இதுதான் ஒரு குழுவுக்குக் கொடுத்த இலக்கு. மூணு வருஷ வாக்கில் பார்த்தா அந்தக் குழுவில் சர்க்கரை நோய் வந்தது 58 சதவீதம் குறைவு. மெட்ஃபார்மின்ங்கிற சர்க்கரை மாத்திரை சாப்பிட்ட குழுவில் 31 சதவீதம் குறைவு. 2002இல் வெளிவந்தது. 60 தாண்டினவங்களுக்குப் பலன் இன்னும் அதிகம். 84 கிலோவில் 7 சதவீதம்னா கிட்டத்தட்ட 6 கிலோ. இருபது கிலோ குறைக்கச் சொல்லி யாரும் உங்களை மிரட்டல.

சாட்ஸ்வர்த்_அக்கா

எனக்கு வயது 61. முழங்கால் வலி பத்து வருடமாக. எங்கள் குடும்பத்தில் சர்க்கரை இல்லாத ஆள் இல்லை, அம்மாவுக்கு ஒரு கால் விரல் போய்விட்டது. டர்பனில் எந்த இந்தியர் வீட்டுக் குளிர்பெட்டியைத் திறந்தாலும் இன்சுலின் இருக்கும், இது ஊரறிந்த கதை.

நாங்கள் கோயில் பெண்கள் சேர்ந்து நடக்கிறோம். முதலில் காவடிக்காக ஆரம்பித்தது. தைப்பூசக் காவடி ஜனவரியில் அல்லது பிப்ரவரியில் வரும், அப்போது டர்பனில் வெயிலும் புழுக்கமும் கொல்லும். வெறுங்காலோடு தாரோட்டில் நடக்க வேண்டும். பழக்கம் இல்லாமல் போனால் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவோம். அதனால் நவம்பரிலேயே கோயில் மைதானத்தைச் சுற்ற ஆரம்பிப்போம். காவடி முடிந்ததும் எல்லாரும் வீட்டில் உட்கார்ந்துவிடுவோம். இப்படித்தான் வருடாவருடம். பிறகு எங்களில் ஒருத்தி, கணவர் போன பிறகு வீட்டில் இருக்க முடியாமல், காவடி முடிந்த வாரமும் வந்து தனியாகச் சுற்றிக்கொண்டு இருந்தாள். அவளைத் தனியாக விடக் கூடாது என்று இன்னும் இரண்டு பேர் போனார்கள். அப்படியே வருடம் முழுக்க ஆகிவிட்டது. உடம்புக்காக வந்தவர்கள் நின்றுவிடுகிறார்கள், அவளுக்காக வந்தவர்கள் நிற்பதில்லை. நான் பார்த்தது இது.

கேட் பூட்டிய மைதானம், வாட்ச்மேன் இருக்கிறார். அதனால் பயம் இல்லை. மிட்ராண்ட் தம்பி, உங்கள் பக்கத்துக் கோயிலில் கேட்டுப் பாருங்கள்.

முழங்காலுக்குச் சொல்லுங்கள் பிசியோ பிள்ளை. உட்கார்ந்து எழுந்தால் கடகடவென்று சத்தம்.

பிசியோ_பிரிட்டோரியா

அக்கா, வலி இல்லாத சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். வலிதான் கணக்கு. பத்துக்கு மூணு அளவு வலி இருந்தா செய்யலாம். மறுநாள் காலையில் முந்தின நாளை விட அதிகமா வலிச்சா அடுத்த தடவை குறைச்சுக்கணும். முழுசா நிறுத்திடக் கூடாது, நிறுத்தினா தொடைத்தசை இன்னும் இளைச்சு முட்டிக்குத்தான் பாரம். நாற்காலி தாழ்வா இருந்தா மேல ரெண்டு தலையணை போட்டு உயரமாக்கிக்கோங்க. மாசம் போகப் போக ஒரு தலையணையை எடுத்துடலாம்.

இந்த நாட்டில் பயோகினெட்டிசிஸ்ட்னு ஒரு தொழிலே தனியா இருக்கு. உடற்பயிற்சி வழியா நோயைச் சரிக்கட்டறதுதான் அவங்க படிப்பு, ஹெச்.பி.சி.எஸ்.ஏ.வில் (இந்த நாட்டு மருத்துவத் தொழில்களுக்கான கவுன்சில்) பதிவு உண்டு. நம்ம ஊரிலிருந்து வந்தவங்க இப்படி ஒரு ஆள் இருக்கறதே தெரியாம நேரா ஜிம் டிரெய்னரிடம் போய் முட்டியைக் காட்டறாங்க. ஒரு தடவை பார்த்து ஒரு திட்டம் எழுதி வாங்கிட்டு வந்தாலே நல்லது. பல மெடிக்கல் எய்டில் அதுக்குப் பணம் வரும், உங்க பிளானைப் பாருங்க.

மேசைமலையடி (கேப்டவுன்)

50 வயசுப் பெண். இந்த இழையில் ஆண்கள் "கூட்டத்தோடு போங்க"ன்னு சுலபமா சொல்லிட்டுப் போறாங்க. எனக்குத் தனியாத்தான் நேரம் கிடைக்குது. தனியா மலைப்பாதையில் போக மாட்டேன். சீ பாயிண்ட் கடலோர நடைபாதை பகலில் பரவாயில்லை, எப்பவும் ஆள் நடமாட்டம் இருக்கும். நவம்பரிலிருந்து தென்கிழக்குக் காத்து ஆரம்பிச்சா அதுவும் போச்சு, முன்னால ரெண்டு அடி வெச்சா பின்னால ஒரு அடி தள்ளும். அன்னிக்கு மால்தான். கடை திறக்கிற நேரத்தில் போனா காலியா இருக்கும். பாதுகாப்பு, ஏசி, கழிப்பறை எல்லாம் உண்டு. பர்ஸை மட்டும் வீட்டில் வெச்சுட்டுப் போங்க, திருடனுக்குப் பயந்து இல்லை, கடைக்குப் பயந்து.

மாதவிடாய் நிற்கிற வயசு பத்தி யாரும் எழுதல. ஈஸ்ட்ரோஜன் குறைஞ்சதும் முதல் சில வருஷங்களில் எலும்பு வேகமா அடர்த்தி இழக்குதுன்னு என் டாக்டர் சொன்னார். நடை மட்டும் அதுக்குப் போதாதாம், எடை தூக்கணுமாம். இதுவரைக்கும் டம்பெல்னா ஆம்பளைங்க சமாச்சாரம்னு நினைச்ச என் தங்கச்சிக்கு இதைப் படிச்சுக் காட்டணும். ராத்திரி வியர்த்துக் கொட்டி மூணு மணிக்கு முழிச்சுக்கிற நாளில் பிசியோ மேடத்தோட "கவிழ்ந்த வாரம்" பட்டியல்தான் சரி.

இரும்புக்கை

இதை நான் முதல் பதிவிலேயே சொன்னேன். வெயிட்!

ரோபோட்_சிவப்பு

சொன்னீங்க ப்ரோ. கூடவே சோத்தையும் பிடுங்கிட்டீங்க, அதான் யாரும் காதில் வாங்கல.

இரும்புக்கை

சோறுதான் விஷம். நம்ம தாத்தாக்கள்...

*(மட்டுறுத்துநர்: கார்போஹைட்ரேட் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது, 40 பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே வந்த இரண்டு பதிவுகளை அங்கே மாற்றியிருக்கிறேன். சாப்பாட்டைப் பற்றி எழுதலாம், ஆளைப் பற்றி வேண்டாம். மாத்திரை அளவு யாரும் பரிந்துரைக்கக் கூடாது.)*

சாட்ஸ்வர்த்_அக்கா

சாப்பாடு பற்றி நான் ஒன்று சொல்கிறேன். எங்கள் தாத்தாக்கள் கரும்புத் தோட்டத்தில் விடியலில் இருந்து வெட்டினார்கள், அதனால் மீலி ரைஸும் (உடைத்த மக்காச்சோளம்) பருப்பும் எவ்வளவு சாப்பிட்டாலும் கரைந்தது. நாங்கள் அதே தட்டைச் சாப்பிட்டுவிட்டு நெட்ஃபிளிக்ஸ் பார்க்கிறோம்.

புரட்டாசி மாதம் முழுக்க இங்கே கறி மீன் தொடமாட்டோம். விரதம் என்று பெயர், ஆனால் உருளைக்கிழங்கு, பூரி, பாத்தா (மாவு தடவிச் சுருட்டிய சேம்பிலை), பொரித்த மிளகாய் என்று எண்ணெய்ச் சட்டி அடுப்பை விட்டு இறங்காது. எடை ஏறித்தான் ஐப்பசிக்குள் போவோம். எங்கள் நடைக் கூட்டத்தில் இப்போது பேசி வைத்திருக்கிறோம். புரட்டாசியில் தினம் ஒரு வேளை சுகர் பீன்ஸ் (புள்ளி போட்ட பீன்ஸ் வகை) அல்லது தால், பொரியல் ஞாயிறு மட்டும். காலையில் புளித்த கூழ், மாஸ் (புளித்த பால்) ஊற்றி. சர்க்கரை போடக் கூடாது, அதற்குத்தான் பெரிய சண்டை நடந்தது.

பிசியோ_பிரிட்டோரியா

அக்கா சொன்ன பீன்ஸ் நல்லது. ஒரு கப் வெந்த பீன்ஸில் 15 கிராம் வாக்கில் புரதம், நார்ச்சத்தும் தாராளம். ஒரு முட்டையில் 6 கிராம். டின் ஃபிஷ் சட்னி மலிவு, ஒமேகா-3யும் உண்டு. நடுவயசில் ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரைக்கும் புரதம் கிடைச்சா தசைக்கு நல்லது. சிறுநீரகக் கோளாறு இருக்கிறவங்க மட்டும் டாக்டரிடம் கேட்டுட்டுத்தான் கூட்டணும். இரும்புக்கை, உங்க பில்டாங்கில் உப்பு எவ்வளவுன்னு ஒரு தடவை பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. பி.பி. இருக்கிற வீட்டில் அது தினசரிச் சாப்பாடு இல்லை. கூல்ட்ரிங்க் பத்தி நான் பேசவே மாட்டேன், அதுக்கு 2018இலேயே அரசாங்கம் வரி போட்டாச்சு.

இன்னொரு விஷயம், இதுதான் நான் கவலைப்படறது. பி.பி.க்கும் இதயத்துக்கும் கொடுக்கிற பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடறவங்க கடிகாரத்தில் இதயத்துடிப்பைப் பார்த்து வேகம் வைக்காதீங்க, அந்த மருந்து துடிப்பை அவ்வளவா ஏற விடாது. பேச்சு, பாட்டு சோதனையைப் பயன்படுத்துங்க. இன்சுலினோ க்ளிக்ளசைடு மாதிரி சர்க்கரை மாத்திரையோ எடுக்கறவங்க நடக்கப் போகும்போது பையில் குளுக்கோஸோ இனிப்போ இருக்கணும். நெஞ்சில் அழுத்தம், கைக்கோ தாடைக்கோ பரவுற வலி, தலைசுத்தல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், இதில் எது வந்தாலும் அன்னிக்கே நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும். "வாயு"ன்னு சொல்லி சோடா குடிக்கிற கூட்டம் நம்மாளுங்கதான்.

புதுசா ஜோபர்க் வந்தவங்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த ஊர் 1,700 மீட்டருக்கு மேல. சென்னையில் நடந்த வேகத்தில் இங்க நடந்தா முதல் சில வாரம் மூச்சு வாங்கும். பயந்துக்க வேண்டாம், மெதுவா போங்க.

ஃபீனிக்ஸ்_பையன்

வயதைப் பற்றிப் பேசுவதால் ஒன்று. வாலி ஹேவர்ட் பெயர் கேட்டிருப்பீர்கள். காம்ரேட்ஸை 1930இலிருந்து 1954 வரை ஐந்து முறை வென்றவர். 1988இல் 79 வயதில் திரும்ப வந்து 9 மணி 44 நிமிடத்தில் முடித்தார். டர்பனுக்கும் பீட்டர்மரிட்ஸ்பர்கிற்கும் இடையே ஏறக்குறைய 90 கிலோமீட்டர்! மறு வருடம் 80 வயதில் நேரம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது கோட்டைத் தாண்டினார்.

மேசைமலையடி

அண்ணா, அந்தக் கதை எனக்கும் பிடிக்கும், ஆனா அதைக் கேட்டுட்டு யாரும் நடக்க ஆரம்பிச்சதா நான் பார்க்கல. ஹேவர்ட் மாதிரி ஆளைக் காட்டினா "அவர் பிறவியே வேற"ன்னு சோபாவில் சாஞ்சுக்குவோம். அக்கா சொன்னாங்களே, கணவர் போன பிறகு மைதானத்தைச் சுத்தின அம்மா. எனக்கு அவங்க போதும்.

ரோபோட்_சிவப்பு

என் ஷிப்ட் கேள்வியை எல்லாரும் தாண்டிப் போயிட்டீங்க.

பிசியோ_பிரிட்டோரியா

தாண்டல, தம்பி. உங்களுக்கு மணி பார்த்து எழுதித் தர முடியாது, அதனால செயலோடு கட்டணும். "தூங்கி எழுந்து, பல் தேய்ச்சதும்" ஒரு சுற்று. அது காலை ஆறா இருந்தாலும் மதியம் மூணா இருந்தாலும் சரி. ஷிப்டில் பெரிய சாப்பாடு எப்போ சாப்பிடறீங்களோ அதுக்கப்புறம் பத்து நிமிஷம் முற்றத்தில் நடை. நடுராத்திரி ரெண்டு மணிச் சாப்பாட்டைச் சின்னதாக்குங்க, அந்த நேரத்தில் உடம்பு சர்க்கரையைச் சரியா கையாளாது. நைட் முடிஞ்சு வந்ததும் வெயிட் தூக்க வேண்டாம், தூங்குங்க. வாரத்தில் ரெண்டு லீவு நாளில் மூணு சுற்று. தூக்கம் கெட்ட வாரம் எல்லாமே உங்களுக்குக் கவிழ்ந்த வாரம்தான், பட்டியல் சின்னதே போதும்.

மிட்ராண்ட்வாசி

எல்லாருக்கும் நன்றி. இப்படி முடிவு பண்ணியிருக்கேன், குறை இருந்தா சொல்லுங்க.

செவ்வாய், வெள்ளி வீட்டிலிருந்து வேலை. அன்னிக்கு மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி மூணு சுற்று. மதியம்கிறதால ஜூனிலும் வெளிச்சம் பிரச்சினை இல்லை. தினம் ராத்திரி சாப்பிட்டதும் மனைவியோட கம்ப்ளெக்ஸுக்குள்ள ரவுண்டு, கேட்டுக்குள்ளேயே. அவளும் வர்றேன்னு சொல்லியிருக்கா. அவளுக்கு எலும்பு விஷயத்தைப் படிச்சுக் காட்டினதும் ரப்பர் பட்டையை அவளே ஆர்டர் பண்ணிட்டா. சனிக்கிழமை பார்க்ரன், பையனுக்கு கிரிக்கெட் மேட்ச் இல்லாத வாரம் மட்டும். கணக்கு முடிப்பு மாசம் முழுக்கச் சின்னப் பட்டியல், அதில் குற்ற உணர்ச்சி கிடையாது. ஜிம் ஒப்பந்தம் முடியற அன்னிக்குப் புதுப்பிக்கப் போறதில்லை.

டிசம்பரில் பில்டர்ஸ் லீவுக்கு (கட்டுமானத் தொழிலுக்கு விடற வருஷக்கடைசி லீவு) மதுரை போறோம். மூணு வாரம், தினம் ஒரு வீட்டில் விருந்து. அங்க என்ன பண்றது?

சாட்ஸ்வர்த்_அக்கா

விருந்துக்குப் போகிற வீட்டுக்கு நடந்தே போங்கள் தம்பி. மதுரைக்கு நான் ஒருமுறை வந்தேன். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சுற்றியே என் கால் ஓய்ந்துவிட்டது. தினம் அங்கே போனால் போதும்.

இரும்புக்கை

திட்டம் பரவாயில்லை. மூணு மாசம் கழிச்சு 12 தடவை சுலபமா வந்துட்டா டிஎம் பண்ணுங்க, என் ஜிம்முக்குக் கூட்டிட்டுப் போறேன். கெஸ்ட் பாஸ் இருக்கு. டாக்கீஸ் (ஓட்டக் காலணி) மட்டும் நல்லதா போட்டுட்டு வாங்க.

ரோபோட்_சிவப்பு

ஒரு சந்தேகம் மேடம். எங்க டிஸ்பாட்ச் ரூமில் இருக்கறது எல்லாம் சக்கரம் வெச்ச நாற்காலி. அதில் உட்கார்ந்து எழுந்தா சரியா?

பிசியோ_பிரிட்டோரியா

கூடாது. பின்னால ஓடிடும், இடுப்பை உடைச்சுக்குவீங்க. சக்கரம் இல்லாத நாற்காலி ஒண்ணு கேட்டு வாங்கி, சுவரோட ஒட்டிப் போட்டுக்கோங்க. அது கிடைக்கலன்னா லாரிப் படியில் ஏறி இறங்குங்க, ஒரு காலுக்கு எட்டு. கைப்பிடியை விட்டுடாதீங்க.